ஐந்தே முக்கால் மணி நேரப் பினாங்கு

முதல் தடவை பினாங்கில் கப்பலை விட்டு இறங்கியபோது என் கணவர் கையில் ஓர் எக்செல் தாள் இருந்தது. ஒன்பது இடங்கள். கோட்டைக்கு இருபது நிமிடம், கெக் லோக் சீ கோயிலுக்கு நாற்பத்தைந்து, பினாங்கு மலைக்கு ஒரு மணி நேரம், பாம்புக் கோயிலுக்கு அரை மணி. சாப்பாட்டுக்குக்கூட இருபத்தைந்து நிமிடம் என்று ஒரு கட்டம் போட்டு மஞ்சள் அடித்திருந்தார். அந்தத் தாளில் இல்லாதது ஒன்றே ஒன்று: வரிசையில் நிற்கும் நேரம்.

அன்று மலேசியாவில் பள்ளி விடுமுறை. மலை ரயிலில் ஏற ஒரு மணி நேரம் நின்றோம். மேலே பத்து நிமிடம் மேகத்தைப் பார்த்தோம். இறங்குவதற்கு மறுபடி வரிசை. அது ஐம்பது நிமிடம். மலையடியில் இருக்கும் ஆயர் ஈத்தாமிலிருந்து ஊருக்குள் வரும் சாலையில் டாக்சி ஊர்ந்தது. என் மகனுக்கு அப்போது ஒன்பது வயது. "அம்மா, கப்பல் நம்மள விட்டுட்டுப் போயிடுமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். போகாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கடைசியில் துறைமுக வாசலிலிருந்து மூன்று பேரும் ஓடினோம். கப்பலின் மேல் தளங்களில் பயணிகள் வரிசையாக நின்று கைதட்டினார்கள். விசில்கூட அடித்தார்கள். கப்பல் பயணங்களில் இது ஒரு வேடிக்கை. தாமதமாக வருபவர்கள் ஓடுவதைப் பார்ப்பதற்காகவே கையில் குளிர்பானத்தோடு சிலர் வந்து நிற்பார்கள். ஏறிய எட்டாவது நிமிடம் ஏறுபாதையை இழுத்துவிட்டார்கள். அன்று இரவு எக்செல் தாளைப் பற்றி எங்களில் யாரும் பேசவில்லை.

ஏழு வருடம் கழித்து அதே சிங்கப்பூர், பினாங்கு, புக்கெட் தடத்தில் மறுபடி போனோம். இந்த முறை அம்மாவும் உடன் வந்தார். வயது எழுபத்து நான்கு, வலது முட்டி தேய்ந்துவிட்டது. பினாங்கைத் தவிர வேறு எந்த ஊருக்காகவும் அவர் கப்பல் ஏறச் சம்மதித்திருக்க மாட்டார். காரணம் தாத்தா. நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி, தளத்தில் பாயை விரித்துப் படுத்தபடி பினாங்கு போய்ச் சேர்ந்தவர். அங்கே மார்க்கெட் தெருவில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதினார். 1926-இல் கட்டப்பட்டு, ஏறத்தாழ அரை நூற்றாண்டு சென்னைக்கும் நாகைக்கும் மலாயாவுக்கும் இடையே ஆயிரக்கணக்கானோரைச் சுமந்த கப்பல் அது. எங்கள் பக்கத்துக் குடும்பங்களில் பாதிக்கு ஒரு ரஜூலா கதை இருக்கும். அம்மாவிடம் இருந்தது கதை மட்டும்தான். ஊரைப் பார்த்ததில்லை.

எனவே இந்த முறை திட்டம் போடும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். செய்ததெல்லாம் நாளைக் கடைசியிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டதுதான். கப்பல் காலை எட்டு மணிக்குத் துறையைத் தொடும், மாலை ஐந்துக்குக் கிளம்பும் என்று விளம்பரத்தில் போட்டிருப்பார்கள். ஒன்பது மணி நேரம் என்று மனசு கணக்குப் போடும். ஆனால் ஐந்து மணி என்பது கயிற்றை அவிழ்க்கும் நேரம். எல்லோரும் உள்ளே இருக்க வேண்டிய நேரம் நாலரை. இது சில கப்பல்களில் அரை மணி முன்னால், சிலவற்றில் ஒரு மணி முன்னால். முந்தின இரவு கேபினுக்கு வரும் தாளில் இருக்கும். அந்த நாலரைக்கு முன்னால் ஒன்றரை மணி நேரத்தைத் தொடாமல் வைத்துவிட வேண்டும். டாக்சி கிடைக்காமல் போகலாம், மழை பிடிக்கலாம், துறைமுக வாசலில் பையைச் சோதிக்கும் வரிசை நீளலாம். ஆக மூன்று மணிக்கு நான் துறைமுகத்தின் பக்கத்தில் நிற்க வேண்டும். அந்தப் பக்கம், எட்டுக்குக் கப்பல் தொட்டாலும் உள்ளூர் அதிகாரிகள் அனுமதி கொடுத்து, முதல் கூட்டம் இறங்கி முடித்து, குடிநுழைவு தாண்டி வெளியே வர ஒன்பதேகால் ஆகிவிடும். மிச்சம் ஐந்தே முக்கால் மணி நேரம். அதில் சாப்பாடு, கழிப்பறை, அம்மாவின் முட்டிக்கு ஓய்வு எல்லாம் அடக்கம்.

ஐந்தே முக்கால் மணி நேரத்தில் மலையும் ஊரும் இரண்டும் ஆகாது. ஏதாவது ஒன்றுதான். 1923-இலிருந்து ஓடும் மலை ரயில் அது. 2011-இல் புதிதாக மாற்றிய பிறகு நடுவில் வண்டி மாறாமல் நேரே உச்சிக்குப் போய்விடலாம். மேலே குளிர்ச்சியும் உண்டு, ஊரைக் கழுகுப் பார்வையில் பார்க்கவும் முடியும். கெக் லோக் சீயும் அந்தப் பக்கம்தான். முப்பது மீட்டருக்கு மேல் உயரமான, சீனர்களின் கருணைத் தெய்வமான குவான் யினின் வெண்கலச் சிலையைப் பார்க்க ஆசைப்படுபவர்கள் காலையில் நேரே அங்கே போய், மதியத்துக்குள் இறங்கி, ஊரைத் துறந்துவிட வேண்டும். அதுவும் ஒரு நல்ல நாள்தான். ஆனால் துறைமுகத்திலிருந்து எட்டு ஒன்பது கிலோமீட்டர். இடையில் இருக்கும் சாலையும், மேலே இருக்கும் வரிசையும் நம் கையில் இல்லை.

தீவின் தலைநகரான ஜார்ஜ் டவுனோ அப்படி இல்லை. கப்பல் நிற்கும் ஸ்வெட்டன்ஹாம் துறை ஊரின் விளிம்பிலேயே இருக்கிறது. பல ஊர்களில் 'ரோம்' என்று விளம்பரத்தில் போட்டுவிட்டு, எண்பது கிலோமீட்டர் தள்ளி சிவிட்டவெக்கியாவில் இறக்கிவிடுவார்கள். பாதி நாள் பேருந்திலேயே போய்விடும். இங்கே வாசலைத் தாண்டிச் சில நிமிடம் நடந்தால் மணிக்கூண்டு, அதை ஒட்டிக் கோட்டை. 2008-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்த பழைய நகரம் அங்கிருந்தே தொடங்குகிறது. இந்த ஒரு வசதிக்காகவே பினாங்கில் கப்பல்காரர்கள் விற்கும் பேருந்துச் சுற்றுலாவை நான் வாங்க மாட்டேன். மற்ற ஊர்களில் வாங்குவேன். அந்தச் சுற்றுலாப் பேருந்து தாமதமானால் கப்பல் காத்திருக்கும், நாமாகப் போய்த் தாமதமானால் காத்திருக்காது. அடுத்த துறைமுகத்துக்கு நம் செலவில் பறக்க வேண்டியதுதான். தொலைவு கூடக் கூட அந்தக் காப்பீட்டுக்கு மதிப்பும் கூடும். நடக்கும் தொலைவில் இருக்கும் ஊருக்கு அது வீண் செலவு.

அன்று விடிகாலை அம்மாவை எழுப்பி மேல்தளத்துக்குக் கூட்டிப் போனேன். இவ்வளவு உயரக் கப்பல் பினாங்குப் பாலத்துக்கு அடியில் நுழைய முடியாது. அதனால் தீவின் வடக்குப் பக்கமாகச் சுற்றித்தான் வரும். மறுகரையில் தொலைவில் ஒரு மலை தனியாக எழுந்து நிற்கும். குனோங் ஜெராய், 1,217 மீட்டர். அந்தக் காலத்தில் வங்கக் கடலைத் தாண்டி வந்த மாலுமிகளுக்கு அதுதான் அடையாளம். அதைச் சுற்றிய நிலம்தான் கெடா, நம் மெய்க்கீர்த்தியில் வரும் கடாரம். இதை நான் விளக்கியபோது அம்மா மலையைவிடக் கரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "எங்கப்பாவும் இதைத்தான் பாத்திருப்பாரு, இல்ல?" என்றார். தாத்தா பார்த்தது அஞ்சாறு நாள் உப்புக் காற்றுக்குப் பிறகு. நாங்கள் பார்த்தது ஒரு பஃபே காலை உணவுக்கு முன்னால்.

இறங்கினோம். வாசலில் டாக்சிக்காரர்கள் வண்ணப் படங்கள் அச்சடித்த அட்டையோடு சூழ்ந்துகொண்டார்கள். அவர்கள் சொல்லும் விலை கப்பல் வந்த நாளின் விலை. வேண்டாம் என்று சொல்லி நடந்துவிட வேண்டும். சாலைக்கு வந்தால் கிராப் செயலியில் வண்டி கிடைக்கும். ஊருக்குள் கேட் (CAT) என்ற பெயரில் ஓர் இலவசப் பேருந்தும் சுற்றுகிறது. எங்களுக்கு முதல் இரண்டு மணி நேரம் எதுவும் தேவைப்படவில்லை.

மணிக்கூண்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். விக்டோரியா மகாராணி ஆட்சிக்கு வந்து அறுபது ஆண்டு நிறைந்ததற்காக, வருடத்துக்கு ஓரடி வீதம் அறுபது அடி உயரத்தில் ஒரு சீனச் செல்வந்தர் கட்டிக் கொடுத்தது. கட்டி முடிப்பதற்குள் மகாராணி போய்ச் சேர்ந்துவிட்டார். இரண்டாம் உலகப் போரில் பக்கத்தில் குண்டு விழுந்து கொஞ்சம் சாய்ந்தும் நிற்கிறது. எனக்கு அதன் வரலாற்றைவிடப் பயன்தான் முக்கியம். வழி தவறினால், வங்கிக் கட்டடங்கள் இருக்கும் பீச் தெருவைப் பிடித்து இந்தக் கூண்டு தெரியும்வரை நடந்தால் போதும், கப்பல் வந்துவிடும். மகனிடமும் அதையே சொல்லி வைத்தேன்: பிரிந்துவிட்டால் இங்கே வந்து நில், யாரையும் தேடாதே.

கோட்டைக்குள் போகவில்லை. 1786-இல் பிரான்சிஸ் லைட் வந்து இறங்கிய இடம் என்பதற்கு மேல் அதில் பார்க்க எனக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. நேரே குயின் தெரு மகாமாரியம்மன் கோயில். 1833-இல் எழுந்த கோயில். நம் ஊர்க் கோயில்களைப் போலவே மதியம் நடை சாத்திவிடுவார்கள். ஆகவே வழியில் வேறு எது இருந்தாலும் இதை முதலில் முடித்துவிட வேண்டும். இப்படி ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு கதவு நேரம் உண்டு. மசூதியில் தொழுகை நேரத்தில் மற்றவர்களை உள்ளே விட மாட்டார்கள், வெள்ளிக்கிழமை மதியம் போகவே வேண்டாம். நம் கப்பல் எந்தக் கிழமையில் அந்த ஊரைத் தொடுகிறது என்பதை முன்பதிவு செய்யும்போதே பார்ப்பது நல்லது. யாரும் பார்ப்பதில்லை. நானும் முதல் தடவை பார்க்கவில்லை.

கோயிலை விட்டு வெளியே வந்து இரண்டு திருப்பம் திரும்பினால் மார்க்கெட் தெரு. பூக்கட்டும் நூல், சம்பங்கி வாசம், ஒலிபெருக்கியில் தமிழ்ப் பாட்டு, சேலைக்கடை வாசலில் பொம்மைகள். அம்மா அங்கே நின்றுவிட்டார். தாத்தாவின் கடை எது என்று எங்களுக்குத் தெரியாது. பெயரும் தெரியாது, கதவு எண்ணும் தெரியாது. ஒரு கடையில் வயதான ஒருவர் எங்களைப் பார்த்து, "கப்பல்ல வந்தீங்களா? எந்த ஊரு?" என்றார். நாகூர்ப் பக்கம் என்று அம்மா சொன்னதும் உட்கார நாற்காலி வந்தது. அவருடைய தாத்தா திருவாரூர்ப் பக்கமாம். "பேரு தெரியாம எப்படிம்மா தேடுறது? இந்தத் தெருவுல கடை மாறிக்கிட்டே இருக்கும்லா" என்றார். பிறகு இருவரும் அரை மணி நேரம் எதைப் பற்றியோ பேசினார்கள். பழைய எக்செல் தாளில் இந்த அரை மணிக்குக் கட்டமே இருந்திருக்காது. நான் கடிகாரத்தைப் பார்த்தேன், பிறகு பார்ப்பதை நிறுத்தினேன். கூ கோங்சி மண்டபம் அப்போதே பட்டியலிலிருந்து விழுந்துவிட்டது. 1906-இல் கட்டி முடித்த சீனக் குலக் கோயில், கூரை முழுக்கச் சிற்பம். முதல் தடவையும் தவறவிட்டேன். போகட்டும்.

அந்தப் பெரியவர்தான் ஜாதிக்காய்த் தைலம் எங்கே வாங்க வேண்டும் என்று சொன்னார். பினாங்கு ஜாதிக்காய்க்குப் பேர் போன ஊர். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் தோட்டம் போட்டு வளர்த்தது. பழத்தைச் சர்க்கரையில் ஊறப்போட்டு விற்பார்கள், சாறு பிழிந்து தருவார்கள், தைலமும் எடுப்பார்கள். தாத்தா ஊருக்கு வரும்போதெல்லாம் அந்தத் தைலம் நாலு புட்டி கொண்டு வருவாராம். அம்மா மூடியைத் திறந்து ஒருமுறை முகர்ந்துவிட்டு, பேரமே பேசாமல் ஆறு புட்டி வாங்கினார். அம்மா பேரம் பேசாமல் எதையாவது வாங்கி நான் பார்த்தது அன்றுதான்.

அங்கிருந்து சூலியா தெரு. சூலியா என்று அந்தக் காலத்தில் தமிழ் முஸ்லிம் வணிகர்களைத்தான் சொன்னார்கள். தெருமுனையில் சின்னதாக ஒரு தர்கா இருக்கிறது, நாகூர் தர்கா ஷெரீப். நாகூர் ஆண்டவரின் பெயரால், ஊரை விட்டு வந்தவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பியது. அசல் அடக்கத் தலம் நம் நாகூரில்தான், இது நினைவிடம். அம்மாவுக்கு இது தெரியாது. நான் வேண்டுமென்றே சொல்லாமல் வைத்திருந்தேன். கந்தூரிக்கு வருடா வருடம் போகும் வீடு எங்களுடையது. பலகையைப் படித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார், செருப்பைக் கழற்றினார். சில கெஜ தூரத்தில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் குவிமாடங்களோடு நிற்கிறது. காதர் முகைதீன் என்ற தமிழ் முஸ்லிம் தலைவர் 1801-இல் தொடங்கியது. பள்ளிவாசல் இருக்கும் தெருவிலேயே சீனர்களின் குவான் யின் கோயில், அதைத் தாண்டி 1818-ஆம் ஆண்டு ஆங்கிலேயத் தேவாலயம். எல்லாவற்றையும் அம்மா வெளியிலிருந்தே கும்பிட்டுக்கொண்டு வந்தார்.

பதினொன்றரைக்கே சாப்பிட்டுவிட்டோம். பன்னிரண்டுக்கு மேல் போனால் நாசி கண்டார் கடைகளில் அலுவலகக் கூட்டம் தெருவரை நிற்கும். கண்டார் என்றால் காவடித் தடி. தோளில் தடி போட்டு ஒரு பக்கம் சோறு, மறுபக்கம் குழம்பு என்று சுமந்து தமிழ் முஸ்லிம்கள் துறைமுகக் கூலிகளுக்கு விற்ற சாப்பாடு. இன்று தடி இல்லை, பெயர் மட்டும் இருக்கிறது. இங்கே நாலைந்து குழம்பையும் கலந்துதான் ஊற்றுவார்கள். "பாஞ்சிர்" என்று சொன்னால் சோறு மூழ்கும் அளவுக்கு ஊற்றுவார்கள். மலாயில் அந்தச் சொல்லுக்கு வெள்ளம் என்று அர்த்தம். மீன் முட்டை, வெண்டைக்காய், கோழி. கப்பலில் மூன்று நாளாக ரொட்டியும் வெண்ணெயும் தின்று அலுத்துப்போயிருந்த அம்மா இரண்டாம் முறை சோறு கேட்டார். கப்பலில்தான் சாப்பாடு இலவசமாயிற்றே என்று கரையில் சாப்பிடாமல் திரும்பிப் போகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். பினாங்கில் அது பாவம்.

முட்டி அதற்கு மேல் ஒத்துழைக்கவில்லை. அதற்கும் ஏற்பாடு இருந்தது: பெச்சா. பினாங்கு மிதிரிக்‌ஷாவில் ஓட்டுபவர் பின்னால் இருப்பார், நாம் முன்னால் உட்காருவோம். எதிரே வரும் லாரிக்கும் நமக்கும் நடுவில் பிளாஸ்டிக் பூக்கள் மட்டும்தான். விலையை ஏறும் முன் பேசிவிட வேண்டும், இடக் கணக்கில் இல்லை, மணிக் கணக்கில். அம்மாவும் நானும் ஒன்றில், கணவரும் மகனும் இன்னொன்றில். ஆர்மீனியன் தெருவில் 2012-இல் எர்னஸ்ட் ஜக்கரேவிச் வரைந்த சைக்கிள் குழந்தைகள் சுவரோவியத்தின் முன்னால் படம் எடுக்க நாற்பது பேர் நின்றார்கள். நாங்கள் வண்டியிலிருந்தே பார்த்துவிட்டு நகர்ந்தோம். அங்கிருந்து சியூ படகுத்துறை, கடலுக்குள் கட்டை ஊன்றிக் கட்டிய வீடுகள், ஒரே குடும்பப் பெயர்க்காரர்களின் குடியிருப்பு. மக்கள் இன்னும் அங்கே வாழ்கிறார்கள். மத்தியானத் தூக்கத்தில் இருப்பவர்களின் கதவுக்குள் கேமராவை நீட்டுபவர்களைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. ஓரமாக உட்கார்ந்து காற்று வாங்கினோம். தூறல் விழுந்ததும் வண்டியைத் துறைக்குத் திருப்பச் சொன்னேன். மணி இரண்டு நாற்பது.

கணவருக்கு ஒரே ஆச்சரியம். "இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கே, ஒரு செண்டோல் சாப்பிடலாமா?" என்றார். அவருடைய கைபேசி சொன்னது சரியான நேரம்தான். மறுநாள் புக்கெட்டில் சொல்லாது. தாய்லாந்து ஒரு மணி நேரம் பின்னால். கரை அலைவரிசை கிடைத்ததும் கைபேசி தானாக மாறிக்கொள்ளும், கப்பல் சில நேரம் சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடும். கைபேசியை நம்பி மூன்று மணி என்று நினைத்துக்கொண்டு மணலில் படுத்திருந்தால் கப்பலில் நாலு ஆகியிருக்கும். போதாததற்கு புக்கெட்டின் பத்தோங் கடற்கரையில் கப்பல் கரையைத் தொடாது, நடுக்கடலில் நங்கூரம் போட்டுச் சின்னப் படகுகளில் இறக்கும். திரும்பும் படகுக்கும் வரிசை உண்டு. அதற்காகவே கையில் முள் கடிகாரம் ஒன்று கட்டி, கப்பல் நேரத்தில் வைத்துவிட்டு, மாற்றுவதில்லை. கைபேசியைக் கடலில் பறக்கும் நிலையில் போட்டுவிடுங்கள். கப்பலின் அலைவரிசையில் போய் ஒட்டிக்கொண்டால் மாதக் கடைசியில் ரசீது வரும்போது தெரியும்.

தேங்காய்ப்பால் ஊற்றிய அந்த ஐஸ் இனிப்பை, செண்டோலை, சாப்பிடவில்லை. கப்பலில் ஏறி, குளித்து, நாலேகாலுக்கு மேல்தளத்தில் நாற்காலி பிடித்து உட்கார்ந்தோம். மழை விட்டிருந்தது. நாலு ஐம்பதுக்குக் கீழே ஒரு சலசலப்பு. துறையின் வாசலிலிருந்து ஓர் இளம் ஜோடி, கையில் நாலைந்து பைகளோடு ஓடி வந்தார்கள். அந்தப் பெண் ஒரு செருப்பைக் கையில் பிடித்திருந்தாள். எங்களைச் சுற்றி இருந்தவர்கள் கைதட்டத் தொடங்கினார்கள். யாரோ விசில் அடித்தார்கள்.

"எதுக்குக் கை தட்றாங்க?" என்று அம்மா கேட்டார்.

தாமதமாக வருகிறார்கள், அதனால் என்றேன்.

"பாவம்டி" என்று சொல்லிவிட்டு, மடியிலிருந்த பையைத் துழாவி ஒரு தைலப் புட்டியை எடுத்து மகனிடம் நீட்டினார். "இப்படி ஓடினா ராத்திரி காலு பிடிச்சுக்கும். அந்தப் பிள்ளைங்க எந்த ரூம்னு கேட்டு இதைக் குடுத்துட்டு வா."